அண்ணியின் "நல்லா இருக்கு"

என் அண்ணிக்குப் புத்தகத்தைப் பற்றிப் பொய் சொல்ல வராது. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் கூசாமல் சொல்லுவாள். அதுவும் ஒரே பொய்தான், புதிதாக ஒன்று யோசிக்கக்கூட மாட்டாள்: "நல்லா இருக்கு."

டீ எப்படி அண்ணி? நல்லா இருக்கு. இந்தச் செருப்பு எனக்குப் பொருந்துதா? நல்லா இருக்கு. ஒருமுறை அண்ணன் சர்க்கரை என்று நினைத்து உப்பை அள்ளிப் போட்டு டீ கொடுத்துவிட்டான். நான் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்ப ஓடினேன். அண்ணி முழுக் கோப்பையையும் காலி செய்து, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே "நல்லா இருக்கு" என்றாள். யோசித்துப் பார்த்தால் அதைப் பொய் என்று சொல்வதுகூடத் தப்புதான். கண் புத்தகத்தில் இருக்கும்போது அவள் நாக்கு வேலை செய்வதில்லை, அவ்வளவே.

அண்ணி ஒரு நாளிதழின் ஞாயிறு பக்கத்தில் புத்தக விமர்சனம் எழுதுகிறவள். கதைகளும் எழுதுவாள், இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. ஆனால் வெளியில் அவளைத் தெரிந்தவர்கள் விமர்சனத்தால்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள், பாதிப் பேர் பயந்தும் வைத்திருக்கிறார்கள். அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. நான் அந்தக் கடையின் கவுன்டரில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு ஃப்ரேம் எடுத்துக் காட்டுகிறேன், கழன்ற காதுக்கம்பிக்கு ஸ்க்ரூ போடுகிறேன், இவர்கள் வீட்டிலேயே இருக்கிறேன். என் புகுந்த வீட்டுக் கதை தனிக் கதை, அதை இங்கே இழுக்கப்போவதில்லை.

அண்ணி அந்தக் கடைக்கு முதலில் வந்ததே உடைந்த கண்ணாடியோடுதான். படித்துக்கொண்டே நடந்து விளக்குக் கம்பத்தில் மோதியிருந்தாள். நெற்றியில் இவ்வளவு பெரிய வீக்கம். அண்ணன் பதறிப்போய் ஐஸ் வாங்க ஓடினான். திரும்பி வந்தபோது அவள் கடையில் இருந்த இரவல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தாளாம். "அப்பவே விழுந்துட்டேன்" என்பான் அண்ணன். மோதியவள் அவள், விழுந்தவன் இவன்.

புத்தகங்கள் கட்டுக்கட்டாக வரும். கொண்டு வருகிற கூரியர்காரர் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டு போவார். அதுதான் வழக்கம். விமர்சனம் எழுதி முடித்த புத்தகம் எதையும் அண்ணி வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. கட்டடத்தின் நுழைவாசலில், தபால் பெட்டிகளுக்குக் கீழே ஓர் அலமாரி போட்டிருக்கிறாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். திருப்பி வைக்கும்போது அதைப் பற்றி அவளிடம் இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும், அதுதான் கட்டணம். மேல்மாடி டீச்சர் துப்பறியும் கதைகளாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய், "கொன்னது யாருன்னு முதல்லயே கண்டுபிடிச்சிட்டேன்" என்ற ஒரே வாக்கியத்தையே இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போவார். அண்ணி அதற்கும் தலையாட்டுவாள்.

தெரிந்தவர்கள் புத்தகத்துக்கு மட்டும் எழுத மாட்டாள். "ஒண்ணு பொய் சொல்லணும், இல்ல பகையைச் சம்பாதிக்கணும். ரெண்டுக்கும் எனக்கு நேரமில்லை" என்பாள். ஓர் எழுத்தாளர் தன் நாவலோடு ஒரு கூடைப் பழமும் அனுப்பி வைத்தார். பழத்தை எல்லா வீடுகளுக்கும் பங்கு போட்டுவிட்டு, "பழம் நல்லா இருந்தது" என்று அவருக்குச் செய்தி அனுப்பினாள். நாவலைப் பற்றி அவர் ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டார்.

ஞாயிறு வரை காத்திருக்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. ஒரு புத்தகத்தின் தலையெழுத்து என்ன என்று வீட்டில் இருக்கிறவர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். பிடித்த புத்தகம் என்றால் அண்ணியால் உட்கார முடியாது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே படிப்பாள், வழியில் இருக்கிற நாற்காலிகளை நாங்கள்தான் நகர்த்த வேண்டும். சுமாரான புத்தகம் ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் முடியும். மோசமான புத்தகம் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிடும், கையில் பென்சிலோடு. மிக மோசமானது வீட்டுக்குள்ளேயே இருக்காது. பையில் போட்டுக்கொண்டு போய் பஸ்ஸிலும் பல் டாக்டர் வீட்டு வரிசையிலும் படித்துத் தீர்ப்பாள். எப்படியும் வீணாகிற நேரத்தில் அதையும் வீணாக்கிவிடலாம் என்பது அவள் கணக்கு.

இப்படிப்பட்டவளிடம் என் அண்ணன் மாட்டிக்கொண்டதுதான் விஷயம்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அண்ணன் மீசையை எடுத்தான். பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து முகத்தில் இருந்த மீசை. கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் வாசலிலேயே நின்று, சரியான கடைதானா என்று போர்டைப் பார்த்தார்கள். வீட்டில் அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. அண்ணன் அவள் எதிரில் போய் நிற்பான், மோவாயைத் தடவுவான், இருமுவான். நாலாவது நாள் அவள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, "ஏங்க, காய்ச்சலா? முகம் ஒரு மாதிரி இருக்கே" என்றாள்.

நான் சமையலறைக்குள் போய் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணனும் சிரித்தான். ஆனால் மறுநாள் கடையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தவன் தலை நிமிராமல் சொன்னான்: "பாப்பா, இந்த வீட்டுல அவ முழுசா கவனிக்கணும்னா புத்தகமாத்தான் பொறக்கணும்."

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான். "பொறந்தாச்சே, இப்ப என்ன பண்றது?" என்றேன்.

"எழுதலாம்ல?" என்றான்.

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை. அன்று மாலையே தொடங்கிவிட்டான், அதுவும் எங்கே? சாப்பாட்டு மேஜையில், அண்ணிக்கு நேர் எதிரில். அவள் ஒரு பக்கம் படிப்பாள், இவன் மறு பக்கம் எழுதுவான். ஒரு நாவல் முழுவதும் அப்படியே எழுதி முடித்தான். என்ன எழுதறீங்க என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் இவனுக்கே பொறுக்காமல், "புயலுக்கு வேற வார்த்தை சொல்லு" என்றான். "சூறாவளி" என்றாள், பக்கத்தைத் திருப்பினாள். இவனும் எழுதிக்கொண்டான்.

தன் புத்தகம் என்று தெரிந்தால் அவள் விமர்சனம் எழுத மாட்டாள் என்பது அண்ணனுக்குத் தெரியும். அதனால் புனைபெயர் வைத்துக்கொண்டான். கதையையும் தன்னை விட்டு எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளினான். கதாநாயகன் ஒரு கப்பல் சமையல்காரன். என் அண்ணன் படகில் ஏறினாலே வாந்தி எடுப்பான், அது வேறு விஷயம். கைப்பிரதியைப் படித்த ஒரே ஆள் நான். எனக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு குறைதான் சொன்னேன்: "அவ்வளவு பெரிய அலை அடிக்குது, கேப்டனோட கண்ணாடி எப்படி மூக்குல நிக்கும்? கயிறு கட்டிவிடு." அண்ணன் தொடையில் தட்டி, "கரெக்ட்" என்று கயிறு கட்டினான். வேறு எந்த ஓட்டையும் இல்லை என்று இருவரும் நம்பினோம்.

வேறு ஊரில் ஒரு சின்னப் பதிப்பகம் அதை அச்சிட்டது. அவர்களே நாளிதழுக்கு அனுப்பினார்கள், நாளிதழ் அண்ணிக்கு அனுப்பியது. கூரியர்காரர் கட்டைக் கொண்டுவந்த நாளில் அண்ணன் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கூடத்தில் நின்றான். அண்ணி கட்டைப் பிரித்தாள், ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கப்பல் படம் போட்ட அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தனியே வைத்தாள். அண்ணன் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

முதலில் பிரம்பு நாற்காலி. "சுமார்" என்று உதட்டசைத்தேன். "ஆரம்பம் மெதுவாத்தான் போகும்" என்று காதுக்குள் சொன்னான். கொஞ்ச நேரத்தில் அண்ணி நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னை. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தோம்.

அடுத்து மேஜை, பென்சில். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. தண்ணீர் எடுக்கிற சாக்கில் அவள் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். ஓரத்தில் எல்லாம் கோடு, கேள்விக்குறி, ஒரு இடத்தில் மூன்று கேள்விக்குறி. அதை அவனிடம் சொல்லவில்லை. நானும் கல் நெஞ்சுக்காரி இல்லை.

பிறகு ஒரு காலையில் புத்தகம் வீட்டில் இல்லை. நாற்காலியில் இல்லை, மேஜையில் இல்லை, குளியலறைப் பக்கம்கூடத் தேடிவிட்டேன். அண்ணியின் தோள்பையும் இல்லை.

"பஸ்ஸா?" என்றான் அண்ணன்.

"பல் டாக்டரா இருக்கலாம்" என்றேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

அந்த வாரம் கடையில் அவன் செய்த வேலைகளைச் சொன்னால் வாடிக்கை போய்விடும். கிட்டப்பார்வைக்காரருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கொடுத்தான். நல்ல வேளை, அவர் படி தடுக்குவதற்கு முன் நான் ஓடிப்போய் மாற்றிவிட்டேன். எனக்கு அண்ணி மேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனைக்கும் அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவளுக்குப் பிடிக்காத புத்தகத்தை அவள் வழக்கப்படி படிக்கிறாள். இருந்தாலும் இவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கேட்டு வாங்கப் போவது ஒரு பாராட்டு என்று நினைத்திருந்தான், கிடைக்கப் போவது ஞாயிற்றுக்கிழமை ஊரறிய ஓர் அடி.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் ஆளே இல்லை. கதவு திறந்தது. அண்ணி. அவள் கடைக்கு வந்து எத்தனையோ காலம் ஆகிறது. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேரே போய், கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் உட்காருகிற உயர நாற்காலியில் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தாள். பையிலிருந்து கப்பல் புத்தகத்தை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள்.

"இதைப் பத்தி உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும்" என்றாள்.

"என்கிட்டயா?" அண்ணன் கையில் இருந்த துணியால் ஏற்கெனவே பளபளவென்று இருந்த லென்ஸை மறுபடி துடைக்கத் தொடங்கினான்.

"கப்பல்ல ஏறின அத்தனை பேரும் கண்ணாடி போட்டிருக்காங்க. சரி. கேப்டன் போட்டிருக்கார், அதுக்குக் கயிறு வேற. சரி. திருடனும் போட்டிருக்கான், மூக்குல ஃப்ரேம் அழுத்தின தழும்பு. அதுவும் சரி. கடல்ல மிதந்து வர்ற பொணத்துக்குமா கண்ணாடி?"

அண்ணன் லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"அந்தப் பொணத்துக்கு இடது கண்ணுல பவர் ஜாஸ்தின்னு எழுதியிருக்கு. அதை யாருங்க டெஸ்ட் பண்ணினது?"

"லென்ஸோட கனத்தைப் பார்த்தாலே தெரியுமே அண்ணி" என்றேன் நான் கவுன்டரிலிருந்து. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது, பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது. எனக்கு என்ன தெரியும்? நாள் முழுக்க ஃப்ரேமும் கையுமாக இருக்கிறவர்கள் நாங்கள். மனிதர்களைப் பார்த்தால் முதலில் மூக்குதான் கண்ணுக்குத் தெரியும். கண்ணாடி இல்லாத ஆளை எங்கள் இருவருக்கும் கற்பனை செய்யவே வரவில்லை, அது ஒரு குறை என்றுகூடத் தோன்றவில்லை.

"எப்பத் தெரிஞ்சுது?" என்றான் அண்ணன், ஈனக் குரலில்.

"மூணாம் பக்கம். விமர்சனம் எழுத மாட்டேன்னு பத்திரிகைக்குச் சொல்லிட்டேன். வீட்டுக்காரர் புத்தகம், வேற யாருக்காவது குடுங்கன்னு."

அவன் தோள் தொங்கிப்போனது. இவ்வளவு பாடுபட்டும் கடைசியில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டதே என்று நினைத்தேன்.

"ஆனா ரெண்டு தடவை படிச்சேன்" என்றாள் அண்ணி. "வீட்டுல எப்படிப் படிக்கிறது? பக்கத்தைத் திருப்பினா நீங்க மூச்சை இழுக்கறீங்க, நிமிர்ந்தா இவ சுவரைப் பாக்கறா. அதான் வெளியில எடுத்துட்டுப் போயிட்டேன். அச்சுல வராது. நேர்ல சொல்றேன். கேக்கறீங்களா?"

"கேக்கறேன்."

"நல்லா இல்ல."

அண்ணன் லென்ஸைக் கீழே வைத்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். அழப்போகிறான் என்று நினைத்தால், ஆசாமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான்.

"சொல்லு. எது எது?"

சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. ஆரம்பத்தில் கதை துறைமுகத்தை விட்டு நகரவே மாட்டேன் என்கிறதாம், கப்பல் கிளம்புவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறதாம். சமையல்காரன் என்று பேர், அவன் நாவல் முழுவதும் ஒரு முட்டைகூட உடைக்கவில்லையாம். வில்லன் திருந்துவது நம்பும்படி இல்லையாம். "புயல் வர்ற அத்தியாயம் பிடிச்சுது. அதைப் பூங்காவுல நடந்துக்கிட்டே படிச்சேன். ரெண்டு பேர் மேல மோதிட்டேன்." அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். நடந்தாளாமே! நானும் தலையாட்டினேன்.

"அப்புறம் அந்தச் சமையல்காரன் பொண்டாட்டி" என்றாள் அண்ணி. "அவ ஒரு தப்புகூடச் செய்யறதில்லை. கோபப்படறதில்லை, மறக்கறதில்லை. அப்படி ஒரு பொம்பளை எந்த ஊர்லயும் கிடையாது. எழுதினவர் பொண்டாட்டிக்கு ரொம்பப் பயப்படறார் போலிருக்கு."

"பயம்னு இல்லை..." என்று அசடு வழிந்தான்.

அண்ணி புத்தகத்தைப் பிரித்தாள். மூன்று கேள்விக்குறி போட்டிருந்த பக்கம். தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது. அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"கடலுக்குப் போன எடத்துல அவன் மீசையை எடுத்துடறான். திரும்பி வீட்டுக்கு வர்றான். அவ கதவைத் திறக்கறா. பெட்டியைக் கீழ வைக்கறதுக்குள்ள 'மீசை எங்க?'ன்னு அவ கேக்கறதா எழுதியிருக்கீங்க."

அண்ணன் மோவாயைத் தடவினான்.

"நான் நாலாவது நாள்தானே கேட்டேன்? அதுவும் காய்ச்சலான்னு."

"ஆமா."

"இந்த நாவல்லயே மோசமான எடம் இதுதான். பொய். மாத்துங்க."

"பொய் இல்ல" என்றான் அண்ணன். "ஆசை."

நான் ஃப்ரேம் தட்டை ஒழுங்குபடுத்துவது போல் குனிந்துகொண்டேன். கண் கலங்கியதை யாரும் பார்க்க வேண்டாம். நிமிர்ந்தபோது அண்ணி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். மறுபடி மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தாள். சும்மா இல்லை, புதுப் புத்தகத்தைப் பார்க்கிற மாதிரி, ஒரு வரி விடாமல்.

"காதுகிட்ட நரைச்சிருக்கு" என்றாள்.

"அது ஆச்சு அஞ்சு வருஷம்."

"அந்தச் சட்டை காலர் கிழிஞ்சிருக்கு."

"அது இன்னைக்குத்தான்."

"மீசை இல்லாம நல்லா..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். இரண்டு பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இல்லீங்க. மீசை இருந்தாத்தான் லட்சணமா இருக்கீங்க. வளர்த்துக்கோங்க."

கடை என்பதையும் மறந்து அண்ணன் கடகடவென்று சிரித்தான். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த ஒருவர், கண் டெஸ்ட் செய்யலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். டாக்டரே இப்போது டெஸ்டில்தான் இருக்கிறார், கொஞ்சம் உட்காருங்கள் என்று நான் நாற்காலியைக் காட்டினேன்.

நாளிதழில் அந்த நாவலைப் பற்றி வேறு யாரோ நாலு வரி எழுதினார்கள். அண்ணன் அதைப் படித்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. அண்ணி பென்சில் கோடுகளை அழிக்காமல் அவள் பிரதியை அவனிடமே கொடுத்துவிட்டாள். கீழே அலமாரியில் வேறு ஒரு பிரதியை வைத்தாள். அதைக் கூரியர்காரர் எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தந்தபோது தன் இரண்டு வாக்கியத்தைச் சொன்னார்: "எல்லாரும் கண்ணாடி போட்டிருக்காங்க மேடம். புயல்ல எனக்கே முகம் நனைஞ்ச மாதிரி இருந்துது." அண்ணி அதை அப்படியே மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஒப்பித்தாள். எதிர்ப்பக்கம் அண்ணன் இரண்டாம் பதிப்புக்காக முட்டை உடைத்துக்கொண்டிருந்தான், காகிதத்தில்தான்.

அவள் ஒரேயடியாக மாறிவிட்டாள் என்று சொன்னால் நீங்களும் நம்பாதீர்கள். என் புதுச் செருப்பு இப்போதும் "நல்லா இருக்கு"தான். ஆனால் நேற்றுக் காலை அண்ணன் டீ போட்டுக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்தான். அவள் ஒரு நல்ல புத்தகத்தில் இருந்தாள், நடந்துகொண்டிருந்தாள். போகிற போக்கில் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். நின்றாள். புத்தகத்தை மூடினாள், விரலைக்கூட நடுவில் வைக்கவில்லை.

"ஏங்க" என்றாள், "சர்க்கரை கம்மி."

அண்ணன் சமையலறைக்கு ஓடி வந்தான். அரும்பு மீசைக்குக் கீழே முகமெல்லாம் பல்.

"பாப்பா, கேட்டியா? சர்க்கரை கம்மியாம்!"